கூட்டுப் பயணம், தனி மூட்டை: நிலவு ஆய்வில் நாடுகள்

2021 அக்டோபர் 18, இரவு 8 மணி 22 நிமிடம். நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-2 தன் பாதையைச் சற்றே மாற்றிக்கொண்டது. மறுநாள் செய்தித்தாள்களில் இது வரவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் இஸ்ரோ விவரம் சொன்னது. அக்டோபர் 20 காலை 11.15க்கு நிலவின் வட துருவத்துக்கு அருகே சந்திரயான்-2, நாசாவின் எல்ஆர்ஓ ஆகிய இரு கலங்களும் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கவிருந்தன. ஒரு வாரம் முன்பிருந்தே பெங்களூரின் கணக்கும் அமெரிக்கக் கணக்கும் ஒரே விடையைக் காட்டின: உயரத்தில் இடைவெளி 100 மீட்டருக்கும் குறைவு, ஆக நெருங்கும்போது தூரம் சுமார் 3 கிலோமீட்டர். யார் ஒதுங்குவது? இந்தியக் கலம் ஒதுங்கட்டும் என்று இருவரும் பேசி முடித்தார்கள். ஒதுங்கியது.

இரண்டு கலங்களும் துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. அப்படிச் சுற்றும் எதுவானாலும் துருவத்தின் மேல்தான் வந்து சேர வேண்டும். எல்லாச் சாலைகளும் கூடும் நாற்சந்தி அது. அங்கே போலீஸ்காரர் கிடையாது, சிக்னல் கிடையாது. எந்த ஒப்பந்தத்திலும் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. இரண்டு நாட்டுப் பொறியாளர்கள் தங்கள் கணக்கை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நிலவு ஆய்வில் சர்வதேச ஒத்துழைப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது மேடை, கொடி, கையெழுத்து, கைகுலுக்கல். கடந்த அறுபதாண்டுக் கதையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. மேடையில் பிறந்த பெரிய கூட்டுத் திட்டங்கள் பலவும் பாதியில் நின்றிருக்கின்றன. ஒருவர் கலத்தில் இன்னொருவர் ஏற்றிவிட்ட சின்னப் பெட்டி, ஒரு கிண்ண ஆன்டெனா, சில கிராம் மண், ஒரு கண்ணாடி, இவைதான் அரசியல் மாறியும் பிழைத்திருக்கின்றன. ஏன் இப்படி என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

போட்டிக் காலத்தின் பங்காளிகள்

1963 செப்டம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பேசிய கென்னடி, நிலவுக்கு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஏன் சேர்ந்தே போகக் கூடாது என்று கேட்டார். நிலவுக்கு ஆள் அனுப்பியே தீருவோம் என்று இரண்டாண்டுக்கு முன்னால் முழங்கியவரும் அவர்தான். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தன் அனுமதியில்லாமல் கூட்டு நிலவுப் பயணத்துக்கு ஒரு டாலரும் செலவழிக்கக் கூடாது என்று நாசாவின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அதற்குள் கென்னடி கொல்லப்பட்டிருந்தார். யோசனையும் அவரோடு போனது.

ஆனால் போட்டி உச்சத்தில் இருந்த 1969 ஜூலையிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. அப்பல்லோ-11 கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது சோவியத் தரப்பு லூனா-15 என்ற ஆளில்லாக் கலத்தை நிலவுக்கு அனுப்பிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நிலவைச் சுற்றினால் மோதல் வருமா, வானொலி குறுக்கிடுமா என்று ஹூஸ்டனில் கவலை. அப்பல்லோ-8இல் பறந்த ஃபிராங்க் போர்மன் அப்போதுதான் சோவியத் நாட்டுக்குப் போய் விருந்துண்டு திரும்பியிருந்தார். அந்த அறிமுகத்தை வைத்துச் சோவியத் அறிவியல் கழகத் தலைவர் கெல்டிஷைக் கேட்டார். சுற்றுப்பாதை விவரத்தோடு தந்தி வந்தது: உங்கள் பாதையில் குறுக்கே வர மாட்டோம். பனிப்போரின் நடுவில் இரு வல்லரசுகளும் தம் கலங்களின் வழியை முன்கூட்டிச் சொல்லிக்கொண்ட அரிய தருணம் அது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருக்கும்போதே லூனா-15 அங்கே மோதி நொறுங்கியது. அந்த ஓசையற்ற முடிவை இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கி கேட்டுப் பதிவு செய்தது.

அப்பல்லோ-11ஐ அமெரிக்கச் சாதனை என்றே படிக்கிறோம். அதில் பிறர் பங்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆம்ஸ்ட்ராங் கால் வைத்த காட்சி உலகத்துக்கு வந்தது ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் நிலையம் வழியாக. சில நிமிடம் கழித்து அதே நாட்டின் பார்க்ஸ் தொலைநோக்கி பொறுப்பேற்றுக்கொண்டது. பலத்த காற்றில் அதன் 64 மீட்டர்க் கிண்ணம் ஆடிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கொடி நடுவதற்கு முன்பே நிலவில் விரித்து நிறுத்தப்பட்டது ஓர் அலுமினியத் தாள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் யோகன்னஸ் கைஸ் குழு சூரியக் காற்றைப் பிடிக்கச் செய்த தாள் அது. 77 நிமிடம் வெயிலில் காய்ந்த அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துவந்தார்கள். இந்திரா காந்தி உட்பட 73 நாட்டுத் தலைவர்களின் வாழ்த்து பொறித்த சிறு சிலிக்கான் வட்டும் அங்கே விடப்பட்டது. வட்டு மரியாதைக்கு; தாள் ஆராய்ச்சிக்கு. தாளைப் பற்றி விஞ்ஞானிகள் இன்றும் பேசுகிறார்கள்.

சோவியத் பக்கமும் இதே கதைதான். 1970 நவம்பரில் நிலவில் ஊர்ந்த லூனகோட்-1 ஊர்தியின் தலையில் பிரான்ஸ் செய்து கொடுத்த லேசர் எதிரொளிப்பான் இருந்தது. பூமியிலிருந்து லேசர் அடித்தால் வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கட்டிகள். ஊர்தி ஓய்ந்த பிறகு அது நின்ற இடம் சரியாகத் தெரியாமல் போய், சுமார் நாற்பதாண்டுகள் அந்தக் கண்ணாடி காணாமல் போனதாகவே இருந்தது. 2010இல் அமெரிக்க எல்ஆர்ஓ எடுத்த படத்தில் ஊர்தி தென்பட்டது. உடனே நியூ மெக்சிகோவிலிருந்து லேசர் அடித்துப் பார்த்தார்கள். பளிச்சென்று பதில் வந்தது. அதற்குள் சோவியத் ஒன்றியம் என்ற நாடே உலக வரைபடத்தில் இல்லை.

மண்ணுக்கும் அப்படி ஓர் உறவு உண்டு. அப்பல்லோ பயணங்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. லூனா-16 கொண்டுவந்தது 101 கிராம். 1971இல் இரு தரப்பும் மாற்றிக்கொண்டபோது சோவியத் கொடுத்தது 3 கிராம் அளவுக்குத்தான். கிலோ வைத்திருப்பவரும் கிராம் வைத்திருப்பவரும் சரிசமமாக உட்கார்ந்து பேசினார்கள், ஏனென்றால் வேறு வேறு இடத்து மண். இந்தியாவுக்கும் இந்தப் பந்தியில் இலை போடப்பட்டது: மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லால் குழுவினர் அப்பல்லோ மண்ணை ஆராய்ந்தார்கள். அவர்களில் சிலர் பின்னால் அகமதாபாத்துக்குப் போய் அங்கே ஒரு மரபையே உருவாக்கினார்கள். சந்திரயானுக்கான விதை அங்கே விழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. மாறாக, அன்பளிப்பாகக் கொடுத்த கற்களின் கதி வேறு. நெதர்லாந்தின் புகழ்பெற்ற ரெய்க்ஸ் அருங்காட்சியகம் நிலவுக் கல் என்று காத்துவந்தது வெறும் கல்லாய்ப்போன மரத்துண்டு என்று 2009இல் தெரியவந்தது. ஆராயக் கொடுத்த கிராமுக்கு இருந்த காவல், மரியாதைக்குக் கொடுத்த கல்லுக்கு இல்லை.

பதினொரு பெட்டிகள்

சந்திரயான்-1 கதையை இங்கே நின்று சொல்ல வேண்டும். கொடுக்கல் வாங்கலின் சரியான கணக்கை நான் அதில்தான் பார்க்கிறேன்.

பின்னணி இனிமையானதல்ல. 1992இல், ரஷ்யாவிடமிருந்து கிரயோஜெனிக் ராக்கெட் எஞ்சின் தொழில்நுட்பம் வாங்க முயன்றதற்காக இஸ்ரோ மீது அமெரிக்கா தடை போட்டது. ரஷ்யா எஞ்சினை மட்டும் தந்து தொழில்நுட்பத்தை நிறுத்திக்கொண்டது. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு தடைகள் இன்னும் இறுகின. இந்தச் சூழலில் இந்தியா தன் முதல் நிலவுக் கலத்தில் வெளிநாட்டுக் கருவிகளுக்கு இடம் உண்டு என்று அறிவித்தது. வாடகை இல்லை. தரவைப் பகிர்ந்துகொண்டால் போதும்.

2006 மே மாதம் நாசா தலைவர் மைக்கேல் கிரிஃபின் பெங்களூருக்கு வந்து இரண்டு கருவிகளுக்குக் கையெழுத்திட்டார். தடைப் பட்டியலில் இஸ்ரோவின் பெயர் முழுவதும் நீங்கியது 2011 ஜனவரியில்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாசலில் பூட்டு தொங்க, கொல்லைப்புறம் வழியாக விருந்தாளி வந்த மாதிரி. 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கலத்தில் 11 கருவிகள்: இந்தியாவுடையவை ஐந்து, அமெரிக்காவுடையவை இரண்டு, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் வழியாக வந்தவை மூன்று, பல்கேரியாவுடையது ஒன்று. திட்ட இயக்குநர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. ஆறு வெளிநாட்டுப் பெட்டிகளுக்கும் மின்சாரம், வெப்பக் கட்டுப்பாடு, தரவு வரிசை எல்லாம் ஒரே கலத்தில் பங்கிட வேண்டும். ஒன்றின் சூடு இன்னொன்றைக் கெடுக்கக் கூடாது. கூட்டுக்குடும்பத்தில் ஒரே குளியலறைதான் என்றால் வரும் சிக்கல் அனைத்தும் அதில் உண்டு.

பலன் என்ன? அமெரிக்காவின் எம்-3 என்ற கனிம வரைபடக் கருவி, நிலவின் மேற்பரப்பில் திரும்பிவரும் ஒளியில் 3 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகே ஒரு சரிவைக் கண்டது. நீர் அல்லது ஹைட்ராக்சில் இருந்தால் வரும் சரிவு அது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் கார்லே பீட்டர்ஸ் குழு, கருவி கெட்டுவிட்டதோ என்று முதலில் தன்னையே சந்தேகித்தது. நிலவைக் கடந்து போன காசினி, டீப் இம்பாக்ட் ஆகிய வேறு இரு கலங்களின் பதிவிலும் அதே அடையாளம் இருக்கக் கண்ட பிறகே 2009 செப்டம்பரில் உலகத்துக்குச் சொன்னார்கள். காய்ந்த பாலை என்று நாற்பதாண்டாகப் பாடப்புத்தகங்கள் சொன்ன நிலவு ஒரே வாரத்தில் மாறியது.

இங்கே ஒரு மனத்தாங்கலும் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. 2008 நவம்பர் 14 அன்று நிலவில் போய் மோதிய இந்திய ஆய்வுப் பெட்டியில் திருவனந்தபுரத்தில் செய்த ஒரு நிறமாலைக் கருவி இருந்தது. விழுந்துகொண்டிருக்கும்போதே அது மெல்லிய நிலவு வளிமண்டலத்தில் நீர் மூலக்கூறின் தடயத்தைப் பதிவு செய்தது. ஆனால் அந்த முடிவு ஆய்விதழில் வந்தது எம்-3 கட்டுரைக்குப் பிறகு. எனவே தலைப்புச் செய்தி அமெரிக்கக் கருவிக்குப் போனது. நம் கலத்தில் ஏறி வந்து நம் புகழை எடுத்துப்போனார்கள் என்று இங்கே சிலர் வருந்தியது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அந்த வருத்தத்தில் பங்கில்லை. முதலில் பார்த்தவரை அல்ல, முதலில் எழுதி வெளியிட்டவரைத்தான் அறிவியல் கணக்கில் எடுக்கும். வீட்டுக்கு விருந்தாளியை அழைத்தவர் சமையலைத் தாமதப்படுத்தக் கூடாது.

ஒன்று மட்டும் உறுதி. ஆறு விருந்தாளிகளில் யாராவது வராமல் போயிருந்தாலும் சந்திரயான்-1 கிளம்பியிருக்கும்.

கலத்தின் கால் அடுத்தவர் கையில்

சந்திரயான்-2இன் முதல் வடிவம் இதற்கு நேர்மாறு. 2007 நவம்பரில் இஸ்ரோவும் ரஷ்ய விண்வெளி நிறுவனமும் செய்த ஒப்பந்தப்படி, சுற்றும் கலமும் ராக்கெட்டும் இந்தியாவுடையவை; தரையிறங்கும் கலம் ரஷ்யாவுடையது. 2011 நவம்பரில் செவ்வாயின் துணைக்கோளுக்குப் போகக் கிளம்பிய ரஷ்யாவின் ஃபோபோஸ்-கிரண்ட் பூமியின் சுற்றுப்பாதையிலேயே சிக்கிக்கொண்டது. அதே வகைத் தொழில்நுட்பத்தை நம்பிய நிலவுத் தரையிறங்கியையும் ரஷ்யா மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் இந்தியா தரையிறங்கியைத் தானே செய்வது என்று முடிவெடுத்தது. நண்பர் கெட்டவரல்ல, ஆனால் அவர் கால் சுளுக்கினால் நம் பயணமும் நிற்கும் என்ற ஏற்பாடு அது.

தானே செய்வது என்றான பின் சின்னச் சின்னத் தேவைகளும் கூடவே வந்தன. தரையிறங்கிப் பார்க்க நிலவு மண் மாதிரி வேண்டும். அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கட்டுபடியாகாது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் துணையோடு அதை டன் கணக்கில் இடித்துப் பொடித்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். சந்திரயான்-2இன் தரையிறங்கி விக்ரம் தன் கால்களை முதலில் ஊன்றிப் பழகியது நாமக்கல் மண்ணில்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் விக்ரம் நிலவில் விழுந்து சிதறியது. அதன் துண்டுகளைத் தேடிக் கண்டவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா எவரும் பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டிருந்த எல்ஆர்ஓ படங்களை, விழுவதற்கு முன், விழுந்த பின் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரவு இரவாக ஒப்பிட்டார். ஒரு வெள்ளைப் புள்ளி புதிது. நாசாவுக்கு எழுதினார், டிசம்பர் 2 அன்று நாசா அதை உறுதி செய்து அவர் பெயரையும் சொன்னது. இஸ்ரோவின் கலம், அமெரிக்கக் கேமரா, சென்னையில் ஒரு மடிக்கணினி. இந்தக் கூட்டுக்கு எந்த அமைச்சரும் கையெழுத்திடவில்லை; தரவைத் திறந்து வைத்தது ஒன்றே போதுமானதாக இருந்தது.

2023 ஆகஸ்ட் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 19ஆம் தேதி ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதியது. 23ஆம் தேதி மாலை 6.04க்குச் சந்திரயான்-3 இறங்கியது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய அந்தப் பயணத்தை முழுக்க உள்நாட்டுச் சாதனை என்கிறோம், சரிதான். ஆனால் பெங்களூருக்கு அருகே பைலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனாவுக்கு நிலவு தெரிவது நாளில் பாதி நேரம்தான். பூமி சுழல்கிறதே! மற்ற நேரத்தில் கலத்தோடு பேசியவை நாசாவின் ஆழ்வெளி நிலையங்களும், ஐரோப்பிய நிறுவனத்தின் பிரெஞ்சு கயானா, ஆஸ்திரேலிய நிலையங்களும். பார்க்ஸ் அன்று அமெரிக்காவுக்குச் செய்ததை இன்று பல நாடுகள் எல்லோருக்கும் எல்லோருமாகச் செய்துகொள்கின்றன. ஒத்துழைப்பில் மிகச் சலிப்பான பகுதி இது. மிக நம்பகமானதும் இதுவே.

லூனா-25க்கும் ஒரு ஐரோப்பியக் கேமரா போவதாக இருந்தது. 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்ததும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ரஷ்யாவுடன் நிலவுத் திட்டங்களை முறித்துக்கொண்டது. கேமராவைக் கழற்றிக்கொண்டார்கள், ரஷ்யக் கலம் அது இல்லாமலே கிளம்பியது. விருந்தாளிப் பெட்டிக்கு இந்த வசதி உண்டு, உறவு முறிந்தால் பெட்டியோடு போகலாம்.

பண்டமாற்றுச் சந்தை

இப்போது நிலவைச் சுற்றி இரண்டு முகாம்கள். அமெரிக்கா தலைமையில் ஆர்ட்டெமிஸ் நிலவுத் திட்டம். சீனாவும் ரஷ்யாவும் 2021இல் அறிவித்த சர்வதேச நிலவு ஆய்வு நிலையம்.

ஆர்ட்டெமிஸ் பக்கம் கணக்கு ரூபாயில் இல்லை, டாலரிலும் இல்லை, பழைய பண்டமாற்று. ஆட்களைச் சுமக்கும் ஓரையன் கலத்துக்குக் காற்று, நீர், மின்சாரம், உந்துவிசை தரும் சேவைப் பகுதியை ஐரோப்பா ஜெர்மனியின் பிரெமன் நகரில் பூட்டி அனுப்புகிறது. கனடா இயந்திரக் கை தருவதாகச் சொன்னது. அதற்கு ஈடாக, நிலவைச் சுற்றி வரும் ஆர்ட்டெமிஸ்-2 குழுவில் ஜெர்மி ஹான்சனுக்கு இருக்கை ஒதுக்கினார்கள். 2024 ஏப்ரலில் ஜப்பான் செய்த ஒப்பந்தத்தில், உள்ளே உடையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஓட்டக்கூடிய நிலவு ஊர்தி ஒன்றை ஜப்பான் தரும், இரண்டு ஜப்பானியர் நிலவில் இறங்குவார்கள். நெல்லுக்கு உப்பு மாற்றிய மாதிரிதான். நாடுகள் தம் வரிப்பணத்தைத் தம் ஊர்த் தொழிற்சாலைக்கே செலவழிக்கின்றன. எல்லை தாண்டுவது பொருள் மட்டும். இதனால்தான் இந்த முறை உள்நாட்டு அரசியலிலும் எடுபடுகிறது.

பண்டமாற்றில் ஒரு ஆபத்து: சந்தையை நடத்துபவர் கடையைக் கட்டினால் கொண்டுவந்த மூட்டையை எங்கே இறக்குவது? நிலவைச் சுற்றவிருந்த கேட்வே நிலையத்துக்காக இத்தாலியின் டூரின் நகரில் செய்த கூடு 2025 ஏப்ரலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே வெள்ளை மாளிகையின் நிதித் திட்டம் கேட்வேயைக் கைவிடச் சொன்னது. ஜூலையில் நாடாளுமன்றம் பணத்தைத் திரும்பப் போட்டது. மூன்று மாதத்தில் இத்தனை ஏற்ற இறக்கம். கனடாவின் கையும் ஐரோப்பாவின் அறைகளும் அந்த ஒரு வாக்கெடுப்பில் தொங்கின.

சீனாவின் வழி வேறு. 2011 முதல் உல்ஃப் சட்டத்திருத்தம் நாசா தன் நிதியைக் கொண்டு சீனாவோடு இருதரப்பு வேலை செய்வதைத் தடுக்கிறது. அதனால் சீனா முடங்கவில்லை. நிலவின் மறுபக்கத்தில் 2019 ஜனவரியில் இறங்கிய சாங்கே-4இல் ஜெர்மன், ஸ்வீடன் கருவிகள் இருந்தன. அதற்குத் தகவல் கடத்திய துணைக்கோளில் நெதர்லாந்துக் கருவி. 2024இல் மறுபக்க மண்ணை எடுத்துவந்த சாங்கே-6இல் பிரான்ஸ், ஸ்வீடன், இத்தாலி, பாகிஸ்தான் எல்லாம் ஏறின. சந்திரயான்-1 காட்டிய அதே விருந்தாளி முறை.

சாங்கே-5 கொண்டுவந்த 1,731 கிராம் மண்ணின் கதை இன்னும் சுவையானது. 2025 ஏப்ரலில் சீனா ஆறு நாடுகளின் ஏழு நிறுவனங்களுக்கு அந்த மண்ணைக் கடன் கொடுத்தது. பிரிட்டனுக்குப் போனது 60 மில்லிகிராம். வாங்கச் சென்றவர் ஓப்பன் பல்கலைக்கழகத்தின் மகேஷ் ஆனந்த். பட்டியலில் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இருந்தன, அவற்றில் ஒன்று பிரவுன். எம்-3 கருவிக் குழுவின் அதே பிரவுன். நாசாவோடு நேராகப் பேச முடியாத சீனா, பல்கலைக்கழகத்தோடு பேசியது. விண்ணப்பிக்கலாம் என்று நாசாவே தன் ஆய்வாளர்களுக்கு வழி திறந்துவிட்டிருந்தது. 1971இன் 3 கிராம் மறுபடியும்!

இரண்டு முகாம் என்று சொன்னாலும் சுவர் அவ்வளவு உயரமில்லை. தாய்லாந்து 2024இல் சீனத் திட்டத்திலும் சேர்ந்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டது. சின்ன நாடுகளுக்கு இதில் வெட்கம் எதுவுமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

வரப்பு யார் போடுவது

சட்டத்துக்கு வருவோம். 1967இன் விண்வெளி ஒப்பந்தம், நிலவை எந்த நாடும் தன்னுடையது என்று கொண்டாடக் கூடாது என்கிறது. அது நிலத்துக்கு. அங்கே தோண்டி எடுக்கும் நீரும் கனிமமும் யாருக்கு என்று அது பேசவில்லை. 1979இன் நிலவு உடன்படிக்கை அதைப் பேசியது: அவை மனிதகுலத்தின் பொதுச் சொத்து, பங்கீட்டுக்கு ஒரு சர்வதேச ஏற்பாடு வேண்டும் என்றது. நியாயமான பேச்சு, ஆனால் நிலவுக்குப் போகும் வல்லமையுள்ள அமெரிக்காவோ ரஷ்யாவோ சீனாவோ அதில் சேரவில்லை. இந்தியா 1982இல் கையெழுத்திட்டது, உறுதிப்படுத்தவில்லை. நாற்பதாண்டுக்கு மேலாக அந்தக் கோப்பு அப்படியே இருக்கிறது. சேர்ந்திருந்த சவுதி அரேபியாவும் விலகிக்கொண்டது.

அந்த வெற்றிடத்தில்தான் 2020 அக்டோபரில் எட்டு நாடுகளோடு ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை வந்தது. எண்ணிக்கை இன்று 50ஐத் தாண்டிவிட்டது. இந்தியா 2023 ஜூன் 21 அன்று 27ஆவதாகச் சேர்ந்தது. இது ஐ.நா. ஒப்பந்தமல்ல, சட்டப்படி கட்டுப்படுத்துவதும் அல்ல. நாங்கள் இப்படி நடந்துகொள்வோம் என்று நாடுகள் தரும் அரசியல் வாக்குறுதி. தரவைத் திறந்து வை, ஆபத்தில் உதவு, பழைய இறங்குதளங்களைக் காப்பாற்று என்பன யாரும் மறுக்க முடியாதவை. இரண்டு கூறுகளில்தான் சர்ச்சை: கனிமத்தை எடுப்பது நிலத்தை உரிமை கொண்டாடுவது ஆகாது என்பது ஒன்று, இயங்கும் தளத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வட்டம் என்பது மற்றொன்று.

பாதுகாப்பு வட்டத்துக்கு உண்மையான காரணம் உண்டு. 1969 நவம்பரில் அப்பல்லோ-12, அங்கே இரண்டரை ஆண்டாக நின்றிருந்த சர்வேயர்-3 கலத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி இறங்கியது. காற்றில்லாத இடத்தில் எஞ்சின் கிளப்பிய மண் எங்கும் தடைபடாமல் தோட்டாவாகப் பாயும். கழற்றி எடுத்துவந்த சர்வேயரின் பாகங்களில், மணல் வீசித் தேய்த்த மாதிரி அடையாளம் இருந்தது. பக்கத்து வீட்டார் இறங்கினால் நம் கண்ணாடி போகும். ஆகவே தள்ளி இறங்குங்கள் என்று கேட்பது நியாயம்.

எவ்வளவு தள்ளி? அங்கேதான் வரப்புத் தகராறு. நிலவு பெரியது; எல்லோரும் போக விரும்பும் இடம் சிறியது. தென் துருவத்தில் வெயில் நெடுநாள் விழும் சில மேடுகள், அவற்றின் அடியில் சூரியனையே காணாத, நீர்ப்பனி தங்கக்கூடிய பள்ளங்கள். மின்சாரமும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும் இடம் என்றால் விரல்விட்டு எண்ணலாம். முதலில் போனவர் ஒரு மேட்டின் உச்சியில் கருவியை வைத்துச் சுற்றிலும் சில கிலோமீட்டர் வட்டம் போட்டால், பட்டா இல்லாமலே நிலம் அவருடையதாகிவிடும். சொந்தம் கொண்டாடக் கூடாது என்ற 1967 விதியை ஒரு வரிகூட மீறாமல் இதைச் செய்யலாம். வட்டத்தின் அளவு, காலம் இரண்டையும் அறிவியல் காரணத்தோடு அறிவிக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. அந்தக் காரணத்தை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல நடுவர் இல்லை.

ஐ.நா.வின் விண்வெளிக் குழு 2024இல் நிலவு நடவடிக்கைகளைக் கலந்து பேச ஒரு செயற்குழு அமைத்திருக்கிறது. இரு முகாம்களும் ஒரே மேசையில் உட்காரும் இடம் இப்போதைக்கு அதுதான். மெதுவாகத்தான் போகும். ஆனாலும் ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையும் சீனத் திட்டமும் தனித்தனியாக வரப்பு போட்டு முடித்த பிறகு வரைபடம் கேட்பதைவிட இது மேல்.

இந்தியாவின் தட்டில்

அடுத்து நமக்கு இரண்டு பயணங்கள். ஜப்பானோடு சேர்ந்த சந்திரயான்-5: ஜப்பானின் ஹெச்3 ராக்கெட், ஜப்பானின் ஊர்தி, இந்தியாவின் தரையிறங்கி. 2025இல் அரசு ஒப்புதல் தந்தது. மதிப்பான திட்டம், துருவ நீரைத் தோண்டிப் பார்க்கும் திட்டம். ஆனால் இது 2007 ரஷ்ய ஒப்பந்தத்தின் அதே வகை என்பதை மறக்கக் கூடாது. ஒருவர் தாமதித்தால் மற்றவர் நின்றே ஆக வேண்டும். ஜப்பான் ரஷ்யா அல்ல என்பார்கள். ராக்கெட்டுகளுக்கு அது தெரியாது.

மற்றது சந்திரயான்-4. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய் ஒதுக்கிய, நிலவு மண்ணை எடுத்துவரும் பயணம். மண் விஷயத்தில் இந்தியாவுக்கு முதல்முறையாகக் கொடுக்கும் கை இதில்தான் கிடைக்கிறது. இதுவரை அப்பல்லோ மண்ணுக்கு நாம் விண்ணப்பித்தோம். இனி நம்மிடம் விண்ணப்பம் வரும். யாருக்கு எத்தனை மில்லிகிராம், இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு எத்தனை பங்கு, வெளிநாட்டவருக்கு எந்த நிபந்தனை, முகாம் பார்ப்பதா தகுதி பார்ப்பதா, முடிவுகளை எத்தனை மாதத்தில் வெளியிட வேண்டும் என்பதெல்லாம் மண் வந்த பிறகு பேசினால் சிபாரிசும் அரசியலும் முந்திக்கொள்ளும். சென்னையிலும் சேலத்திலும் அகமதாபாத்திலும் அந்த மண்ணைத் தொட்டுப் பார்க்கக்கூடிய ஆய்வகம் இன்றே தயாராக வேண்டும். சந்திரயான்-4 கிளம்பும் முன்பே இஸ்ரோ அந்த விதியை எழுதி, எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.